வண்டிக்கு ஒரு ஆள்

சில்பொக்கின் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். நடந்து வருகிறபோது தூரத்திலிருந்து பார்த்தால் கையில் ஏதோ தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். கிட்டே வந்தால் கையில் ஒன்றும் இருக்காது. பார்சல் கூடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு விளக்கினாலும் ஏறாது.

பூர்வீகம் கடலோரம். வயசுப் பையனாக இருந்தபோது புசானில் ஒரு ஷூ கம்பெனியில் அடித்தோலுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். ஒரு புதுவருஷத்துக்கு முதலாளி ஆளுக்கொரு பெட்டி மீன் டின் கொடுத்து, "ஊருக்குப் போய் நல்லா சாப்பிட்டுட்டு வாங்கப்பா" என்று முதுகைத் தட்டி அனுப்பினார். லீவு முடிந்து வந்தால் கேட்டில் சங்கிலி தொங்குகிறது. மெஷினெல்லாம் கப்பலேறி, கூலி குறைவான வேறு தேசத்துக்குப் போய்விட்டது. அந்தக் கேட்டின் முன்னால் நின்றுதான் சில்பொக் ஒரு முடிவுக்கு வந்தார். இனிமேல் முதலாளி என்கிற ஜாதியை நம்புவதில்லை. கூட நின்று மூட்டை தூக்குகிறவனை மட்டும் நம்புவது. அந்த முடிவு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதுதான் இந்தக் கதை.

அதற்குப் பிறகு சித்தாள் வேலை, மீன் லாரி, காவல் வேலை என்று பலதும் பார்த்துவிட்டு, கடைசியில் தேஜோன் நகரத்துக்கு வடக்கே ஆற்றோரம் இருக்கிற பார்சல் கூடத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். லோடு ஏற்றுகிற வேலை. நாடு பூராவும் ஜனங்கள் கட்டிலில் படுத்துக்கொண்டு போனைத் தட்டி வாங்குகிற சாமானெல்லாம் அங்கேதான் வந்து குவியும். அரிசி மூட்டை, குடிதண்ணீர் பாட்டில் கட்டு, பூனை மணல், கார் டயர், சீட்டுக் கட்டு மாதிரி தட்டையான பெட்டியில் கட்டில். படுக்கிற கட்டிலைத்தான் சொல்கிறேன்.

மேலே மெஷின் பெட்டியில் இருக்கிற ஊர்ப்பெயரைப் பார்த்துத் தள்ளிவிடும். பெட்டி சறுக்கில் இறங்கி கீழே ஓடிக்கொண்டிருக்கிற ரப்பர் வாரில் விழும். வார் நேராக லாரியின் வயிற்றுக்குள் போகும். உள்ளே ஒரு ஆள், வெளியே சறுக்கின் கீழே ஒரு ஆள். ஒரு வண்டிக்கு இரண்டு பேர். உள்ளே இருக்கிறவன் பெட்டிகளைத் தரையிலிருந்து கூரைவரை சுவராக அடுக்க வேண்டும். ஒரு சுவர் முடிந்தால் அதற்கு முன்னால் இன்னொரு சுவர். இப்படியே கதவுவரை. கோடையில் உள்ளே அடுப்பு, குளிர்காலத்தில் ஐஸ் பெட்டி. விளக்கு ஒன்று இருக்கும், அதைச் சுற்றித் தூசி பறக்கும். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும்.

பார்க்கிறவன் உள்ளே இருக்கிறவன்தான் வேலை செய்கிறான் என்று நினைப்பான். விஷயம் வெளியே நிற்கிறவன் கையில் இருக்கிறது. மெஷினுக்குக் கனம், லேசு எல்லாம் தெரியாது, வந்ததைத் தள்ளும். முதலில் தலையணை, பின்னால் அரிசி. அப்படியே உள்ளே போனால் தலையணை மேல் அரிசியை வைக்க முடியுமா? அதனால் வெளியே இருக்கிறவன் லேசானதை ஓரமாக இழுத்து வைத்துக்கொண்டு, கனத்தை முதலில் விடுவான். அப்புறம் நடுத்தரம். கடைசியில் லேசு. அப்படி வந்தால் உள்ளே இருப்பவன் குனிந்து ஒரு தரம், நிமிர்ந்து ஒரு தரம் என்று சுவரை எழுப்பிவிடலாம். அப்படி வராவிட்டால் ஒவ்வொரு பெட்டியையும் இரண்டு தரம், மூன்று தரம் தூக்க வேண்டும். கூடத்தில் இதற்கு 'வரிசை விடுவது' என்று பெயர். எந்தச் சட்டத்திலும் இல்லை, எந்த அதிகாரிக்கும் தெரியாது. ஏற்றுகிறவர்களாகக் கண்டுபிடித்தது.

சில்பொக் வரிசை விடுவதில் கெட்டிக்காரர். தோள் போன பிறகு அவர் வெளியே நின்றார், கிதே உள்ளே நின்றான்.

கிதே அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். நல்ல வாட்டசாட்டம், வாய் அதைவிடப் பெரிது. முதல் நாள் வந்தபோது தண்ணீர்க் கட்டை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான். ஸ்கேன் அடிக்கிற மல்சுன் அவனை ஏற இறங்கப் பார்த்து, "தம்பி, சர்க்கஸ் பக்கத்துத் தெருவுலப்பா, இங்க தப்பா வந்துட்ட" என்றாள். மல்சுன் வாயில் விழுந்து எழுந்தவன் கிடையாது.

அந்தக் கிதேயைத் தட்டித் தட்டி ஆளாக்கினது சில்பொக்தான். முதல் வாரத்திலேயே அவன் ஓடிப்போகப் பார்த்தான். சில்பொக் கூட்டிப்போய்ப் பன்றிக்குடல் சூப்பும் சோஜு சாராயமும் வாங்கிக் கொடுத்து, மணிக்கட்டில் வலிப் பட்டை ஒட்டிவிட்டு, "நாளைக்கு மட்டும் வா" என்றார். மறுநாளும் அதையே சொன்னார். அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. கிதே கல்யாணத்தில் பையன் வீட்டுப் பெரியவர் இடத்தில் உட்கார்ந்தது சில்பொக். அவன் பெண் குழந்தை அவரைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடும்.

போன இலையுதிர் காலத்தில் ஒருநாள், சிகரெட் பிடிக்கிற தகரக் கொட்டகையில் கிதே தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தான்.

"என்னடா, சம்சாரம் அடிச்சுட்டாளா?"

"விளையாடாதீங்கண்ணே. என் முதுகு விஷயம் ஆபீசுக்குத் தெரிஞ்சுபோச்சு."

முதுகு விஷயம் சில்பொக்குக்கு மட்டும்தான் தெரியும். தண்டுவடத்தில் வட்டு பிதுங்கியிருந்தது. காலையில் சாக்ஸ் போடுவதற்கே அவன் மனைவி உதவ வேண்டியிருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று இரண்டு பேரும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஆஸ்பத்திரிக் காகிதம் எப்படியோ மெங் கைக்குப் போயிருச்சுண்ணே. வியாழக்கிழமை ஹெட் ஆபீஸ்லேருந்து ஒருத்தன் வரானாம். நான் தனியா ஒரு வண்டி ஏத்திக் காட்டணுமாம். முடிஞ்சா இருக்கலாம், முடியலைன்னா வீட்டுக்குப் போயிரணும்."

மெங் என்பது கூடத்து மேலாளர். முப்பத்தைந்து வயசு, சட்டைப் பையில் எப்போதும் சீப்பு இருக்கும்.

"தனியான்னா, வெளியே ஆள் இல்லாமலா? எவனாலடா முடியும் அது?"

கிதே சுற்றிப் பார்த்தான். "மேலே சறுக்குக்குப் பின்னாடி ரிப்பேர் பண்றவங்க நடக்குற பலகை இருக்குல்ல. அங்கேருந்து வரிசை விட்டா கீழே நிக்கிறவனுக்குத் தெரியாது. அண்ணே, ஒரே ஒரு வண்டி. என் புள்ளை முகத்துக்காக."

சில்பொக் யோசிக்கவே இல்லை. யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று அவர் நினைத்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹெட் ஆபீஸ்காரன் வந்தான். புதுத் தொப்பி, புதுக் கையுறை, கழுத்தில் தொங்குகிற ஓட்டப்பந்தயக் கடிகாரம். எல்லோரிடமும் பாதுகாப்புச் சோதனை என்று சொல்லியிருந்தார்கள். மல்சுன் மட்டும், "சோதனைக்கு எதுக்குய்யா கடிகாரம்? வலி எத்தனை நிமிஷத்துல வருதுன்னு பாக்கவா?" என்று முணுமுணுத்தாள். சில்பொக்கை ஓய்வறைக்குப் போய் உட்காரச் சொன்னார்கள். அவர் பின்பக்கத்து ஏணியில் ஏறினார்.

"எங்க அண்ணே போறீங்க?" என்றாள் மல்சுன்.

"பெட்டி ஒண்ணு மாட்டிக்கிட்டிருக்கு. எடுத்துவிட்டுட்டு வரேன்."

மேலே பலகையில் நிமிர்ந்து நிற்க இடமில்லை. முட்டி போட்டுக்கொண்டே மெஷின் தள்ளுகிற பெட்டியைப் பிடித்து நிறுத்தி, லேசை இடுப்புக்குப் பின்னால் ஒதுக்கி, கனத்தை விட்டார். அப்படிக் குனிந்த நிலையில் செய்வது கீழே நின்று செய்வதைப் போல் இரண்டு மடங்கு வேலை. இடது தோள் நெருப்பாக எரிந்தது. ஆனால் கை தன்பாட்டுக்கு ஓடியது. கீழே கிதேக்கு அடுத்து என்ன வேண்டும் என்று பார்க்காமலே அவருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் விட்ட மாதிரி வரிசை அதற்கு முன்னால் விட்டதில்லை. வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது பலகையிலேயே மல்லாந்து படுத்துச் சிரித்தார். பையன் தப்பித்தான்.

அடுத்த வாரம் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். திங்கட்கிழமை முதல் வண்டிக்கு ஒரு ஆள். நம் கூடத்தில் நேரடியாக அளந்து பார்த்து, முடியும் என்று நிரூபிக்கப்பட்டது. இப்படிக்கு மேலாளர். அதற்குக் கீழே இன்னொரு வரி: லோடு ஏற்றும் பகுதிக்குப் புது மேஸ்திரி, ஓக் கிதே.

சில்பொக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் படித்தார். பின்னால் நின்றவன், "நகருங்கண்ணே, சூப் ஆறுது" என்ற பிறகுதான் நகர்ந்தார். அப்போதுகூட அவருக்குக் கோபம் வரவில்லை. கம்பெனிக்காரன் கிதேயின் சோதனையைத் தன் வசதிக்கு இழுத்துக்கொண்டான், பாவம் அவன் என்ன செய்வான் என்றுதான் ஓடியது புத்தி. நம்புவதற்குப் பழகின புத்தி அப்படித்தான் ஓடும்.

வெள்ளைத் தலைக்கவசம் போட்டுக்கொண்டு கிதே வந்தபோது நேராகவே கேட்டார்.

"ஏண்டா, இது என்னடா?"

"எனக்கே காலையிலதாண்ணே தெரியும். மேஸ்திரி வேலை குடுத்தாங்க, முதுகுக்கு நல்லதுன்னு ஒத்துக்கிட்டேன். நீங்க கவலைப்படாதீங்க. உங்களைத் தனியா விட்ருவேனா? துணிமணி வர்ற ரெண்டாம் வரிசையில போடுறேன். பஞ்சு மாதிரி இருக்கும்."

திங்கட்கிழமை சில்பொக்குக்குக் கிடைத்தது ஏழாம் வரிசை. சியோல் போகிற வண்டி, இருக்கிறதிலேயே கனமான லோடு. ரெண்டாம் வரிசையில் மெங்கின் மச்சான் மகன் நின்றான். கேட்டதற்கு கிதே, "ஒரு வாரம் பொறுங்கண்ணே" என்றான். அந்த வாரம் போனபோது, "குளிர் முடியட்டும்" என்றான்.

வீட்டில் மனைவி பூன்நம் ராத்திரியில் சாதம் பிசைந்து ஊட்டாத குறை. அவர் கையில் சாப்பாட்டுக் குச்சி நிற்காமல் நழுவியது. "விட்டுட்டு வந்துருங்க, நான் தொட்டுக்கைக் கடையில கூடுதலா ரெண்டு மணி நேரம் நிக்கிறேன்" என்றாள். சில்பொக் தலையாட்டவில்லை. அறுபதை நெருங்குகிற, தோள் போன ஆளுக்கு இந்த நாட்டில் அடுத்த வேலை என்ன என்று இரண்டு பேருக்குமே தெரியும். இரண்டு பேராக நின்றால் அவர் இன்னும் பல வருஷம் ஓட்டிவிடுவார். தனியாக நின்றால் அந்தக் குளிர்காலத்தைத் தாண்டமாட்டார். கணக்கு அவ்வளவுதான்.

நவம்பர் பிறந்ததும் உப்புக் கோஸ் வந்தது.

இந்த மாசத்தில் வீட்டுக்கு வீடு குளிர்காலத்துக்கான கிம்ச்சி ஊறுகாய் போடுவார்கள். முன்னெல்லாம் கோஸை அவரவர் வீட்டுத் தொட்டியில் உப்புப் போட்டு ஊறவைப்பார்கள். இப்போது யாருக்கு இடுப்பு இருக்கிறது? கோயெசான் பக்கத்து விவசாயிகளே ஊறவைத்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, பெட்டியில் அடைத்து அனுப்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கனம். பாதிப் பெட்டி கசியும். உப்புத் தண்ணி இறங்கி அடிப்பக்கம் கூழாகும். கையுறைக்குள் போய் வெடிப்பில் எரியும். இரண்டு பேர் இருந்தபோதே அந்த மாசம் அழுதுகொண்டே செய்வது. இப்போது வாரின் வாயில் யாருமில்லை. தலையணை வரும், முட்டைப் பெட்டி வரும், அதன் மேலேயே கோஸ் வந்து மோதும். சில்பொக் லாரிக்குள் நின்று லேசை ஒரு மூலையில் குவித்து, கனத்தை அடுக்கி, மறுபடி திரும்பி லேசை எடுத்து, அதற்குள் வாரில் பெட்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறி அடைத்து, சிவப்பு விளக்கு எரிந்து, ஒலிபெருக்கியில் "ஏழாம் வரிசை, ஏழாம் வரிசை" என்று கிதே குரலே வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், அடியில் இருந்த ஈரப்பெட்டி ஒன்று உட்கார்ந்துவிட்டது. சுவர் முழுசாக அவர் மேல் சரிந்தது.

பக்கத்து வண்டிகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்து இழுத்துப் போட்டார்கள். தலை தப்பியது. தோள் இருந்த இடத்தில் இல்லை. முகமெல்லாம் உப்புத் தண்ணி. மல்சுன் தன் துண்டால் துடைத்துவிட்டாள். மெங் வந்தார். முதலில் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார், அப்புறம்தான் ஆளைப் பார்த்தார்.

"சில்பொக் அய்யா, அடுக்குறதுல அலட்சியம் காட்டினா இப்படித்தான். இதே வண்டியை கிதே தனியா ஏத்திக் காட்டலையா? எல்லாருக்கும் முடியுது, உங்களுக்கு மட்டும் ஏன் முடியலை?"

கூட்டத்துக்குப் பின்னால் வெள்ளைத் தலைக்கவசம் தெரிந்தது. சில்பொக் அவனையே பார்த்தார். பக்கத்தில் நின்ற ஒருவன் கேட்டேவிட்டான்: "மேஸ்திரி, நெசமாவே தனியாத்தான் ஏத்துனியா?"

"தனியாத்தான்" என்றான் கிதே. "கடிகாரம் வச்சுப் பாத்தாங்களே."

பாறாங்கல் மாதிரி கோஸ் பெட்டிகள் மேலே விழுந்தபோது வராத சத்தம் அப்போது சில்பொக்கிடமிருந்து வந்தது.

"பொய்! நான் மேலே பலகையில முட்டி போட்டு வரிசை விட்டேன். அந்த வண்டி முழுக்க நான் விட்ட வரிசை. சொல்றா, இல்லைன்னு சொல்றா என் மூஞ்சியைப் பாத்து!"

கிதே குனிந்து தலைக்கவசத்துப் பட்டையை இறுக்கினான். மல்சுன், துண்டைப் பிழிந்துகொண்டே மெல்லக் கேட்டாள்.

"பெட்டி மாட்டிக்கிச்சுன்னு சொல்லிட்டு ஏணி ஏறினீங்களே, அன்னிக்கா?"

"ஆமா."

"அப்போ எங்க எல்லாரையும் வித்தது அவன் ஒருத்தன் இல்லை. நீங்க ரெண்டு பேருமா?"

"அவன் வேலை போயிரும்னு சொன்னான் மல்சுன். ஆஸ்பத்திரிக் காகிதம்..."

"எனக்கும் இருக்கு காகிதம். இந்தா நிக்கிறானே, இவனுக்கும் இருக்கு. எங்களைக் கேட்டீங்களா?"

ஒருவன் துப்பினான். இன்னொருவன், "பெரிய மனுஷன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டுத் தன் வண்டிக்குப் போனான். ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவருக்காக ஓடிவந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

மெங் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார். சில்பொக் அவரிடம் திரும்பி, "அளந்தது பொய்ங்க. மறுபடி அளக்கச் சொல்லுங்க" என்றார்.

"அந்த நம்பர் மேலே போய் எல்லாக் கூடத்துக்கும் வந்தாச்சு. இப்ப யாரு அதைத் திரும்ப எடுக்குறது?" என்றார் மெங். "ஆனா சோதனையில தில்லுமுல்லு பண்ணேன்னு நீங்களே எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கீங்க. அதுக்கு நான் ஏதாவது செஞ்சாகணும். நாளையிலேருந்து வரவேண்டாம்."

"அவன்?"

"அவர் தனியாத்தான் ஏத்தினேன்னு சொல்றாரே."

சில்பொக் ஒற்றைக் கையால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கம்பெனி பஸ் ஷிப்ட் முடிந்துதான் கிளம்பும். டவுன் பஸ் நிற்கிற இடத்துக்கு ஆற்றோர ரோட்டில் நடந்தாக வேண்டும். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் இருந்தது. பாதி தூரம் போனபோது பின்னால் ஒரு கார் வந்து மெல்ல உருண்டது. கண்ணாடி இறங்கியது.

"ஏறுங்கண்ணே. தோள் வீங்கியிருக்கு. எலும்பு வைத்தியர்கிட்ட விட்டுர்றேன்."

சில்பொக் நடந்துகொண்டே இருந்தார். கார் கூடவே வந்தது.

"அண்ணே, உள்ள நான் என்ன சொல்லியிருக்க முடியும் சொல்லுங்க. ரெண்டு பேருமா வீதிக்கு வந்து என்ன பிரயோஜனம்?"

சில்பொக் நின்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. அந்த ஆஸ்பத்திரிக் காகிதம். அது மெங் கைக்குப் போச்சா?"

கிதே ஸ்டியரிங்கைப் பார்த்தான். "முதுகு வலி நெசம்ணே."

"காகிதத்தைக் கேட்டேன்."

"...இல்லை."

"அப்போ வண்டிக்கு ஒரு ஆள்ங்கிறது முன்னாடியே தெரியும் உனக்கு."

"மேஸ்திரி வேலை அதுக்குத்தாண்ணே குடுக்குறேன்னாங்க."

ஆற்றிலிருந்து காற்று அடித்தது. சில்பொக்கின் ஈரச் சட்டை முதுகோடு ஒட்டியது.

"என்கிட்டே உள்ளதைச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானேடா?"

"கேட்டிருந்தா செஞ்சிருப்பீங்களா?"

"மாட்டேன்."

"அதான்" என்றான் கிதே.

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். கடையில் சில்லறை இல்லை என்கிற மாதிரி. அவரை அவன் எவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான் என்பது அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. எதைச் சொன்னால் மாட்டேன் என்பார், எதைச் சொன்னால் கேள்வி கேட்காமல் ஏணி ஏறுவார். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவனுக்குத்தானே அது தெரியும். அந்த ஷூ கம்பெனி முதலாளிக்கு அவர் பேர்கூடத் தெரியாது.

"காரை எடு" என்றார் சில்பொக். "பின்னால லாரி வருது, அவனுக்கு வழி விடு."

கிதே இரண்டு தரம் அண்ணே என்றான். லாரிக்காரன் ஹாரனை விடாமல் அழுத்தினான். கார் போய்விட்டது.

தோளை எலும்பு வைத்தியர் உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டார், ஆனால் அது பழைய இடத்துக்கு முழுசாக வரவில்லை. சில்பொக் இப்போது மனைவி நிற்கிற தொட்டுக்கைக் கடையில் முள்ளங்கி கழுவுகிறார், ஒற்றைக் கையால். கூடத்தில் வண்டிக்கு ஒரு ஆள்தான் இன்னும். கிதேயின் பெண் கடைப் பக்கம் பள்ளிக்கூடம் விட்டுப் போகும்போது "பெரியப்பா" என்று கூப்பிடும். அவர் அதற்குக் கை காட்டுவார். குழந்தையிடம் என்ன இருக்கிறது. ஆனால் அது தெருமுனை திரும்புகிறவரைக்கும் முள்ளங்கியில் கை ஓடாது.